சுண்டுவிரல் அளவு மலை

கொடுமணலில், நொய்யல் ஆற்றின் வடகரை மேட்டில், வேலி மறைக்காத ஓர் இடமாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். கிழக்கும் வடகிழக்குமாகத் தொலைவில் சென்னிமலை தெரியும். கையை முழுதாக நீட்டி, சுண்டுவிரலைப் படுக்கைவாட்டில் பிடித்து, அதன் கீழ்விளிம்பை மலையின் அடியோடு பொருத்துங்கள். மலையுச்சி விரலின் மேல்விளிம்பை எட்டி, சற்றே தாண்டி நிற்கும். இந்த ஒரு விரல் போதும், மலையிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று கணக்குப் போட.

நீட்டிய கையில் சுண்டுவிரலின் அகலம் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி. கட்டைவிரல் இரண்டு டிகிரி. கை குட்டையானவருக்கு விரலும் சிறிது என்பதால் ஆளுக்கு ஆள் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. இனி மலையின் உயரம் தெரிய வேண்டும். அதைப் படிகளே சொல்லிவிடும். அடிவாரத்திலிருந்து முருகன் கோயிலுக்கு 1,320 படிகள். படிக்கு 15 செ.மீ. என்று வைத்தால் 198 மீட்டர். இருநூறு என்றே கொள்வோம். இருநூறு மீட்டர் உயரம் ஒரு டிகிரியாகச் சுருங்கித் தெரிய வேண்டுமானால் பார்ப்பவர் பதினொன்றரை கி.மீ. தள்ளி நிற்க வேண்டும். கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தால் ஆறு கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் தீராத கருவி இது.

சென்னிமலையில் புறப்பட்டு, நொய்யலைத் தொட்டு, கொடுமணல் போய், போன வழியில் திரும்பாமல் வேறு தடத்தில் அன்று மாலையே சென்னிமலை வந்து சேர்வது. மலை ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஏறத்தாழ முப்பது கி.மீ. ஒரே நாளில் முடிக்க வேண்டிய இந்த வட்ட நடையை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் இக்கட்டுரை.

ஏன் இந்த வட்டம்? கொடுமணல், பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்லும் ஊர். மேற்குக் கடற்கரையின் முசிறியையும் சேரர் தலைநகரான கரூரையும் இணைத்த பெருவழி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து இதைத் தொட்டுச் சென்றது. 1980களின் நடுவில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே தொடங்கிய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த பட்டறைகளும், தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானையோடுகளும் வெளிவந்தன. உலைக்கு வேண்டிய இரும்புத் தாது சென்னிமலைப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தாது சுமந்தவர்களின் வழி, நாம் நடக்கப்போகும் வழிக்கு அருகில்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும். எனக்கு இந்த வட்டத்தின் மேல் இத்தனை பிடிப்பு வந்ததற்கு அதுவே காரணம்.

சரி, நேரம். 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: வரைபடத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். நம் முப்பது கி.மீ. என்பது பத்தொன்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறே கால் மணி. மலையின் இருநூறு மீட்டரோடு வழிநெடுகிலும் உள்ள மேடுபள்ளங்களையும் சேர்த்தால் அரை மணிக்கு மேல் கூடும். ஆக ஏழு மணி நேரம். நெய்ஸ்மித் கணக்கில் உட்காருவதும் இல்லை, யாரிடமும் பேசுவதும் இல்லை. கொங்கு நாட்டில் பேசாமல் ஓர் ஊரைக் கடக்க முடியாது. கால் பங்கு கூட்டி எட்டே முக்கால் மணி என்று வையுங்கள். மார்கழியில் இங்கே சூரியன் காலை 6.35ஐ ஒட்டி எழுந்து மாலை 6.05ஐ ஒட்டி விழுகிறது. பகல் பதினொன்றரை மணி நேரம். கொடுமணலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் இருட்டுமுன் வந்துவிடலாம், விடியலில் படியேறியிருந்தால்.

படிகளைக் கடைசிக்கு வைக்காமல் முதலிலேயே ஏறிவிட வேண்டும். ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம் தொடையைப் பதம் பார்க்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. தசைநார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுவது பெரும்பாலும் அப்போதுதான். அடுத்த இரண்டு நாள் படியிறங்க முடியாமல் போவதற்கு அதுவே காரணம். முப்பது கி.மீ. நடந்து ஓய்ந்த கால்களோடு 1,320 படி இறங்குவது முழங்காலுக்குச் செய்யும் கொடுமை. இன்னொரு காரணமும் உண்டு. உச்சியில் நின்றால் அன்றைய வட்டம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். இருநூறு மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் ஐம்பது கி.மீ. தள்ளி விலகிப்போகிறது. தென்மேற்கே சிவன்மலை. மேற்கே தரை மெல்லச் சரிந்து நொய்யலுக்கு இறங்கும் விதம். இதைப் பத்து நிமிடம் நின்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கிவிட்டால் இதில் எதுவும் கண்ணில் படாது.

அதுதான் இந்த நாட்டின் கடினம். இமயமலையிலோ கொடைக்கானலிலோ உயரம் நடப்பவரைச் சோதிக்கும். கொங்கு மேட்டு நிலம் வேறு விதமாகச் சோதிக்கிறது. இருநூறு கோடி ஆண்டுக்கும் மேல் பழைய பாறைகள் தேய்ந்து தேய்ந்து அலை அலையாகக் கிடக்கும் தரை இது. தேயாத கடினப் பாறை மட்டும் சென்னிமலை போல ஆங்காங்கே குன்றாக எஞ்சி நிற்கிறது. ஒரு மேடு ஏறினால் அடுத்த பள்ளம், பள்ளத்தில் ஓர் ஓடை, மறுபடி மேடு. எந்த ஏற்றமும் மூச்சு வாங்க வைக்காது. ஆனால் பள்ளத்தில் இறங்கியதும் மலை மறைந்துவிடும். மேட்டிலோ கிளுவை வேலி மறைக்கும். ஒரு மணி நேரம் நடந்த பிறகு எந்தத் திசையில் நடக்கிறோம் என்பதே குழம்பும்.

இந்திய நில அளவைத் துறையின் ஐம்பதாயிரத்தில் ஒன்று அளவுள்ள வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணில் 58 இ/12 என்ற ஒரே தாளில் சென்னிமலையும் கொடுமணலும் அடங்கும். 2017இல் ‘நக்ஷே’ இணையதளத்தில் புதிய வரிசை எண்ணுடன் இலவசமாகவே வெளியிடத் தொடங்கினார்கள். அதில் ஒரு செ.மீ. என்பது தரையில் அரை கி.மீ. சம உயரக் கோடுகள் மலையைச் சுற்றி நெருங்கி, மற்ற இடமெல்லாம் விலகி விலகிக் கிடக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 20 மீட்டர் வித்தியாசம். பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழமுள்ள ஓடைப் பள்ளம் இரண்டு கோட்டுக்கும் நடுவே காணாமலே போய்விடலாம். வரைபடம் சமதரை என்று சொல்லும் இடத்தில் கால் மேடுபள்ளம் என்று சொல்வது இதனால்தான். திசைகாட்டி கொண்டுபோனால் ஒரு சின்ன எச்சரிக்கை: கனமான கருங்கல் துண்டின் மேல் அதை வைத்துப் பார்க்காதீர்கள். இரும்புத் தாதுக்குப் பேர்போன பக்கம் இது. காந்தக்கல் கலந்த பாறை முள்ளைத் திருப்பிவிடும்.

இப்போது நிழலுக்கு வருகிறேன். இந்த நடையின் உயிர் அதில்தான் இருக்கிறது. முதல் முறை நான் வரைபடத்தில் தூரத்தை மட்டும் அளந்துகொண்டு கிளம்பினேன். தார்ச்சாலை நேராக இருந்தது; அதிலேயே நடந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நிறுத்தினார்.

“ஏங்கண்ணு, இந்த வெயில்ல எங்க போறீங்க?”

“கொடுமணலுக்குங்க ஆத்தா.”

“நடந்தா? பெரிய தடத்துல போகாத கண்ணு, நெழலே இருக்காது. இப்படிக்கா இட்டேரியில எறங்கிப் போ.”

இட்டேரி என்ற சொல் கொங்கு நாட்டுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் உயிர்வேலி நிற்க, நடுவே மாடும் வண்டியும் போகும் தடம். இந்தப் பக்கம் ஆண்டுக்கு 600 மி.மீ. மழையையே பெரிதாகச் சொல்வார்கள். மண் மெலிது, அடியில் பாறை. உழுது பிழைக்க முடியாத நிலத்தைப் புல்லுக்கு விட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கொறங்காடு ஆக்கினார்கள் இங்கத்திய குடியானவர்கள். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்த மேய்ச்சல் காட்டில்தான். மேயும் மாடு அடுத்த காட்டுக்குள் நுழையாதிருக்கக் கிளுவைக் குச்சியை நட்டார்கள். கிளுவை முள்ளுள்ளது, வறட்சி தாங்கும், ஒடித்து நட்டால் துளிர்க்கும். இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே விட்ட வழிதான் இட்டேரி. வேலியில் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிக் கிடக்கும். கௌதாரி, கீரி, ஓணான், பாம்பு எல்லாம் அங்கேதான் குடியிருக்கும்.

அந்த ஆத்தா சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தேன். சென்னிமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே 23 டிகிரி சாய்ந்திருக்கும். ஆகவே உச்சிவேளையிலும் அது தலைக்கு நேர் மேலே வராமல், தெற்கு வானத்தில் 55 டிகிரி உயரத்திலேயே நின்றுவிடுகிறது. (இங்கே உச்சிவேளை கடிகாரத்தில் 12.20ஐ ஒட்டி வரும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, நாமோ 77.6இல் இருக்கிறோம்.) கிழக்கு மேற்காகப் போகும் இட்டேரியில் தென்பக்க வேலி ஆளுயரத்தை மீறி இரண்டு மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு அதன் நிழல் தடத்தின் குறுக்கே இரண்டு மீட்டர் அகலத்துக்கு விழும். நட்டநடு மத்தியானத்திலும் 1.4 மீட்டர் இருக்கும். ஒருவர் தாராளமாக நடந்துபோகும் அகலம். அதாவது, கிழக்கு மேற்கு இட்டேரியில் தென்வேலியை ஒட்டி நடந்தால் மார்கழியில் நாள் முழுக்க நிழலிலேயே நடக்கலாம். வடக்குத் தெற்கு இட்டேரியிலோ காலையிலும் மாலையிலும் மட்டும் நிழல், உச்சியில் இல்லை.

இதே நடையைச் சித்திரை தொடக்கத்தில் செய்து பாருங்கள். ஏப்ரல் 19ஐ ஒட்டிச் சூரியன் சென்னிமலைக்கு நேர் மேலே வருகிறது. மறுபடியும் ஆகஸ்டு 24ஐ ஒட்டி. அந்த நாட்களில் உச்சிவேளையில் இரண்டு மீட்டர் வேலியின் நிழல் வேலிக்கடியிலேயே விழுந்துவிடும். போதாததற்கு வெயில் காலத்தில் கிளுவை இலையை உதிர்த்துவிட்டு வெறுங்குச்சியாக நிற்கும். மழைக்குப் பிந்தைய மார்கழியில் அது இன்னும் பச்சை. எந்த மாதம், எந்தத் திசைத் தடம், எந்தப் பக்க வேலி: மூன்றும் கூடினால்தான் நிழல். அந்த மூதாட்டிக்குக் கோணங்களின் கணக்குத் தேவைப்படவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேலியோரமாகவே நடந்து நடந்து அவர் அதை அறிந்திருந்தார்.

வட்டத்தை எந்தச் சுற்றில் நடப்பது என்ற கேள்விக்கும் இதே சூரியன்தான் விடை. காலையில் மேற்கே போகிறோம். வெயில் இடது தோளுக்குப் பின்னால் விழும். மாலையில் கிழக்கே திரும்புகிறோம். மறுபடியும் முதுகுக்குப் பின்னால். ஒரு நேரமும் கண்ணில் அடிக்காது. கழுத்தை மட்டும் துண்டால் மூடிக்கொண்டால் சரி. தூரம் மாறாமல் சுகம் மாறுவதென்றால் இதுதான். மார்கழிக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். களைத்துத் திரும்பும் மாலையில் முகத்தில் படும்.

தண்ணீருக்கும் ஒரு கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவர் மணிக்கு ஐந்து கி.மீ. வேகத்தில் நடக்கும்போது உடலில் ஏறத்தாழ 300 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். வெப்பம் முழுவதையும் வியர்வையே வெளியேற்ற வேண்டுமென்றால் மணிக்கு 450 கிராம் வேண்டும். வெயிலில் நின்றால் சூரியன் தரும் வெப்பமும் சேர்ந்து இது அரை லிட்டரைத் தாண்டும். நிழலில் நடப்பதென்பது நேரடியாகத் தண்ணீரை மிச்சப்படுத்துவது. எட்டு மணி நேரத்துக்கு நான்கு லிட்டர் என்று வைத்து, இரண்டரை லிட்டரைத் தூக்கிக்கொண்டு போய், மீதியை வழியில் வாங்கிக்கொள்ளலாம். வெறும் தண்ணீராகவே குடித்துத் தீர்க்கக் கூடாது. ஒரு லிட்டர் வியர்வையில் இரண்டு கிராமுக்கு மேல் உப்புப் போய்விடும். அதை ஈடுகட்டாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துத் தலைசுற்றலும் வாந்தியும் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. உப்புப் போட்ட நீர்மோரோ கம்மங்கூழோ இருக்கும்போது வேறெதையும் தேட வேண்டியதில்லை.

ஆனால் ஆற்றுத் தண்ணீர் ஆகாது. இதை அழுத்திச் சொல்கிறேன். போகும் வழியில் ஒரத்துப்பாளையம் அணை வரும். 1992இல் பாசனத்துக்கென்று கட்டியது. மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் விட்ட கழிவு அதில் தேங்கி, பயிருக்குக் கிடைக்க வேண்டிய தண்ணீரே பயிரைக் கருக்கியது. கிணறுகள் உப்பாயின. உழவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஆணையிட்டது. மலையேறிகள் வைத்திருக்கும் கைவடிகட்டி கிருமியைப் பிடிக்கும். கரைந்துபோன உப்பைப் பிடிக்காது. கொதிக்கவைத்தாலோ நீர் ஆவியாகி உப்பு இன்னும் செறிவாகும். ஆகவே வழியில் ஏதேனும் தோட்டத்துச் சாளை வீட்டில் கேட்டு வாங்குங்கள். “நல்ல தண்ணிங்களா, உப்புத் தண்ணிங்களா?” என்று கேட்டால் எவரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இங்கே பல வீடுகளில் குடிக்க ஒன்று, புழங்க ஒன்று என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

அணைக்கரையில் நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. கொடுமணல் பட்டறைகளுக்குத் தண்ணீர் தந்த ஆறு, ஒரே தலைமுறையில் கையை நனைக்கத் தயங்கும் ஆறானது.

கொடுமணலில் மத்தியானம். சாப்பிட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். கல்வட்டங்கள், கற்பலகைகளால் பெட்டிபோல் அமைத்த ஈமக்குழிகள். பலகைகள் இந்தப் பக்கத்துப் பாறையில் அடுக்கடுக்காகப் பிளந்து எடுத்தவை. நீலக்கல், பச்சைக்கல், பளிங்கு என்று இங்கே பட்டை தீட்டிய மணிகளுக்கான மூலக்கல் பெரும்பாலும் ஒரு நாள் நடையில் போய்வரக்கூடிய இடங்களிலிருந்தே வந்திருக்கிறது. பச்சைக்கல்லுக்குப் படியூர், நீலக்கல்லுக்குச் சிவன்மலை. சிவன்மலைப் பாறை புவியியலாளர்களுக்கு உலக அளவில் அறிமுகமானது. 1901இல் தாமஸ் ஹாலந்து அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்தப் பாறைக் குழம்பில் சிலிக்கா பற்றாக்குறை. சிலிக்கா தாராளமாக இருந்திருந்தால் அலுமினியம் அதனோடு சேர்ந்து சாதாரணக் கனிமமாகியிருக்கும். துணை கிடைக்காத அலுமினியம் ஆக்சிஜனோடு மட்டும் சேர்ந்து குருந்தக்கல்லாகப் படிகமானது. குருந்தக்கல்லில் துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். காலையில் மலையுச்சியிலிருந்து பார்த்த அதே சிவன்மலை.

தரையில் மணியோ எழுத்துள்ள ஓடோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். அது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் காலமும் கதையும் இருக்கின்றன. பையில் போட்ட நொடியில் அது வெறும் கல்.

திரும்பும் தடத்தை வடக்குப் பக்க இட்டேரிகளாகத் தேர்ந்துகொள்ளுங்கள். வழியில் கடவு இருந்தால் திறந்தது போலவே சாத்திவிட்டுப் போக வேண்டும். ஒரு படல் திறந்து கிடந்தால் ஒரு பட்டி ஆடு வெள்ளாமையில் இறங்கிவிடும். புல் உயர்ந்த இடத்தில் தடியால் தட்டிக்கொண்டு நடங்கள். சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் உள்ள காடு. சீமைக் கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைத்து ஏறும், ஆகவே தடித்த அடிப்பாகமுள்ள காலணி. சில இட்டேரிகள் வரைபடத்தில் இருக்கும், தரையில் இருக்காது. மனைப்பிரிவு வந்து அழிந்தவை உண்டு. கிளுவையைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டவை உண்டு. கம்பிக்கு நிழல் இல்லை. அப்படி ஒரு கி.மீ. வரும்போது கழுத்துக்குப் பின்னால் வித்தியாசம் உடனே தெரியும்.

மாலை நான்கு மணிக்கு மேல் நிழல்கள் நீளும். கொடுமணலிலிருந்து பார்த்தால் சென்னிமலை இருக்கும் திசை, வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 60 டிகிரி. மார்கழியில் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை சூரியன் தென்மேற்கில் இறங்குகிறது. அதற்கு நேரெதிரே உங்கள் நிழல் 57 டிகிரியில் தொடங்கி 66 டிகிரி வரை மெல்லத் திரும்பும். இரண்டு மணி நேரமும் உங்கள் நிழலின் தலை மலையின் பக்கமே நீண்டிருக்கும். அதைப் பார்த்து நடந்தால் போதும். மேடேறும் இடத்தில் நின்று கையை நீட்டுங்கள். சுண்டுவிரலுக்கு மேல் வளர்ந்த மலை, இப்போது கட்டைவிரலை எட்டியிருக்கும். இன்னும் ஆறு கி.மீ.